ரன் என்றால் ஓடு மட்டும்தானா? மெயில் படித்தே தலை சுற்றுகிறது

அம்பத்தூர்_கணக்கு:

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு மெயில் எல்லாம் இதுவரை மேனேஜர் பார்த்துக்கொண்டார். அவர் வேறு கிளைக்கு மாறிவிட்டதால் ஒஹாயோவில் இருக்கும் கஸ்டமர் மேடத்தோடு நானேதான் இப்போது எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ் மீடியம் படித்தவன், ஆனால் மெயிலைப் படித்துப் பதில் போடும் அளவுக்கு இங்கிலீஷ் வரும். மாட்டிக்கொள்வது ஒரே ஒரு சொல்லில்தான். ரன்.

"ரன் இட் பை மீ" என்கிறார். அடுத்த மெயிலில் "கேன் யூ ரன் த நம்பர்ஸ் அகெய்ன்". மீட்டிங் "ரேன் ஓவர்" ஆகிவிட்டதாம். அவர்கள் கோடவுனில் சரக்கு "ரன்னிங் லோ". ஸ்பெஷல் பேக்கிங் போட்டால் "இட் வில் ரன் யூ அபௌட் நைன் ஹண்ட்ரட்" என்று ஒரு வரி. இதெல்லாம் போதாது என்று கடைசியில் சொந்தக் கதையாக, என் கணவர் இந்த வருஷம் ஸ்கூல் போர்டுக்கு "இஸ் ரன்னிங்" என்று எழுதியிருக்கிறார். பேரன் எடுத்த வயதில் மனுஷன் ஸ்கூலுக்கு எதற்கு ஓடுகிறார் என்று பக்கத்து சீட்காரர் கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை.

அகராதி ஆப்பில் ரன் என்று போட்டால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா, அல்லது உள்ளே ஏதாவது ஒரு பிடி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

மயிலை_டீச்சர்:

தம்பி, மனப்பாடம் செய்யாதீர்கள், செய்தாலும் முடிகிற வேலை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் 1989 பதிப்பில் அதிக அர்த்தம் வைத்திருந்த சொல் "செட்". வினையாக மட்டும் 430 அர்த்தம், அதற்கு எழுதிய விளக்கம் 60,000 சொல். இப்போது நடக்கும் மூன்றாம் பதிப்புத் திருத்தத்தில் ரன் அதைத் தாண்டிவிட்டது: வினையாக மட்டும் 645 அர்த்தம் என்று 2011-ல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனதாம். அதுவே வேலையாக உட்கார்ந்தவருக்கே அத்தனை மாதம் என்றால் நாம் கணக்கையும் பார்த்துக்கொண்டு எங்கே படிப்பது.

ஆனால் பிடி இருக்கிறது, அதுவும் நம் கையிலேயே இருக்கிறது. "ஓடு" என்பதை நீங்கள் எத்தனை விதமாகச் சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, கடை சரியாக ஓடவில்லை, மாசம் ஓடிப்போச்சு, அவள் யாரோடோ ஓடிப்போய்விட்டாள், பயத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சங்கீதம் அவன் ரத்தத்திலேயே ஓடுகிறது. இதை எல்லாம் யாராவது உங்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்களா? இவற்றில் பாதிக்குமேல் ரன் போட்டால் அப்படியே பொருந்தும். ரத்தத்தில் ஓடுவதைக்கூட அவர்கள் "ரன்ஸ் இன் த ஃபேமிலி" என்பார்கள்.

தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் பிரியும் இடம் ஒன்று உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தானாக நடந்தால் நாம் ஓடு என்போம், ஒருவர் நடத்தினால் ஓட்டு என்போம். ஆடு ஆட்டு, கூடு கூட்டு மாதிரி. பழைய இங்கிலீஷிலும் இப்படி இரண்டு வினை இருந்தன. "ரின்னன்", "இர்னன்" என்பது தானாக ஓடுவது, "அர்னன்" என்பது குதிரையை ஓட்டுவது போன்ற செயல். காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ரன் ஆகிவிட்டது. அதனால் ரன்னைப் பார்த்தவுடன் இது ஓடா, ஓட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "த பஸ் ரன்ஸ்" ஓடு. "ஷீ ரன்ஸ் எ மெஸ்" ஓட்டு, அதாவது மெஸ் நடத்துகிறாள். உங்கள் "ரன் த நம்பர்ஸ்" ஓட்டு வகை: கணக்கை இன்னொரு தடவை போட்டு ஓட்டிப் பார். "ரன் எ டெஸ்ட்", "ரன் த மோட்டார்", "ரன் த டேப்" எல்லாம் அதே வீடு. "ரன் எ ஃபீவர்" மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், காய்ச்சலை யாரும் ஓட்டுவதில்லை, அதை அப்படியே விழுங்கிவிடுங்கள்.

ஓடு என்றால், ஓடுவது எது என்று பாருங்கள். மனிதர் என்றால் கால். தண்ணீர், கண்ணீர், மூக்கு என்றால் ஒழுகுவது. புதுச் சேலையை ஊறப்போட்டால் "த கலர் ரன்ஸ்", நமக்கு அது சாயம் போவது. மெஷின் என்றால் இயங்குவது. ஒப்பந்தம், நாடகம், சீரியல் என்றால் நீடிப்பது, "த லீஸ் ஹேஸ் டூ இயர்ஸ் டு ரன்" என்றால் குத்தகை முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நகரவே நகராத பொருள் ஓடினால் அது நீண்டு கிடக்கிறது என்று அர்த்தம்: கூவம் ஓரமாக ஒரு காம்பவுண்ட் சுவர் இருந்தால் "த வால் ரன்ஸ் அலாங் த ரிவர்". நாம் சுவர் போகிறது என்போம். சுவர் போனால் மட்டும் ஒத்துக்கொள்கிறோம், ஓடினால் சிரிக்கிறோம்.

இன்னொன்று. "ட்ரையல் ரன்" என்றால் தமிழில் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். புதுத் தேர் செய்தாலோ பழைய தேரைச் செப்பனிட்டாலோ திருவிழாவுக்கு முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த வெள்ளோட்டம்தான். மெட்ரோ ரயிலுக்குப் பத்திரிகைக்காரர்கள் சோதனை ஓட்டம் என்று எழுதுகிறார்கள். எனக்கு வெள்ளோட்டம்தான் பிடிக்கும்.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்:

டீச்சர் சொன்ன ஓடு, ஓட்டு சூப்பர். ஆனால் மெயிலில் கழுத்தை அறுப்பது ரன் இல்லை ப்ரோ, அதன் பின்னால் வரும் குட்டிச் சொல். நான் அமெரிக்கக் கிளையன்டோடு ராத்திரி ராத்திரி பேசிப் பிழைப்பவன், உங்கள் மெயிலை வரி வரியாக எடுத்துக்கொள்கிறேன்.

"ரன் இட் பை மீ": அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை காட்டிவிடு. "ரன் இட் பாஸ்ட் மீ" என்றாலும் அதேதான். இதை லேசாக எடுக்காதீர்கள். மென்மையாகச் சொன்னாலும் பல சமயம் அது உத்தரவு. அவர் ஓகே சொல்லாமல் இன்வாய்ஸை மேலே அனுப்பினால் அடுத்த மெயிலில் ஹாய் இருக்காது, நேராக உங்கள் பெயர் இருக்கும்.

"ரேன் ஓவர்": மீட்டிங் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனது. ஆனால் ரன் ஓவருக்குப் பின்னால் ஆளோ நாயோ வந்தால் கதை வேறு, வண்டி ஏறிவிட்டது என்று அர்த்தம். "த கால் ரேன் ஓவர்" என்றால் சாரி போதும், "த டிரைவர் ரேன் ஓவர் எ மேன்" என்றால் போலீஸ் வரும். "ரன் ஓவர் த லிஸ்ட்" என்றால் பட்டியலை ஒரு பார்வை பார்ப்பது. அதையே தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தால் "ரன் த்ரூ".

"ரன்னிங் லோ" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சரக்கு வியாபாரத்தில் தினமும் வரும். குறைந்துகொண்டே வருகிறது என்றால் ரன்னிங் லோ. தேவைக்குப் பற்றவில்லை என்றால் ரன்னிங் ஷார்ட். சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் ரன் அவுட். ஆறு, ஏரி, கிணறு மாதிரி ஊற்று வற்றினால் ரன் ட்ரை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது வெளிநாட்டுச் செய்திகளில் நம் ஊர்ப் பெயரோடு ரன் அவுட், ரன் ட்ரை என்ற இந்த இரண்டும்தான் வந்துகொண்டிருந்தன. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏரி ரன் ட்ரை ஆகும். ஊர் "ரன் அவுட் ஆஃப் வாட்டர்" ஆகும். தண்ணீர் ரன் அவுட் ஆகும். வைத்திருப்பவரை முதலில் சொன்னால் "ஆஃப்" போடுங்கள், தீர்ந்துபோன பொருளை முதலில் சொன்னால் போடாதீர்கள். "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேக்கிங் ஷீட்", "த பேக்கிங் ஷீட் ஹேஸ் ரன் அவுட்". இதில் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள்.

"வில் ரன் யூ நைன் ஹண்ட்ரட்": 900 டாலர் செலவாகும். இது அமெரிக்கப் பேச்சு, எழுத்தில் குறைவு, அந்த மேடம் உங்களோடு நெருக்கமாகப் பழக ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். பெரிய தொகைக்கு "ரன்ஸ் இன்டு லாக்ஸ்" என்று நம் பேப்பர்களிலேயே பார்த்திருப்பீர்கள். ரன் இன்டுவுக்கு இன்னும் இரண்டு முகம் உண்டு. ஆளை எதிர்பாராமல் பார்த்தாலும் ரன் இன்டு, சுவரில் மோதினாலும் ரன் இன்டு. "ஐ ரேன் இன்டு யுவர் ஓல்டு மேனேஜர்" என்று எழுதினால் யாருக்கும் அடிபடவில்லை, பயப்பட வேண்டாம்.

"ரன்னிங் லேட்" என்றால் தாமதமாகிறது. "ரன் அப் எ பில்" என்றால் பில்லை ஏற்றிவிடுவது. "ரன் டவுன்" என்றால் பேட்டரிக்கும் உடம்புக்கும் சார்ஜ் இறங்குவது, பழைய வீட்டுக்குச் சொன்னால் பாழடைந்தது. "ரன் ஆஃப் டென் காப்பீஸ்" என்றால் பத்து நகல் எடு. மற்றதெல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சேப்பாக்கம்_வெயில்:

இவ்வளவு பேரும் இவ்வளவு எழுதி, கிரிக்கெட்டை ஒருத்தரும் தொடவில்லையே, இது சென்னைதானா? இந்த ஊரில் பாதிப் பேருக்கு முதலில் தெரிந்த இங்கிலீஷ் சொல்லே ரன்தான். ஓடாமல் எடுத்தாலும் அது ரன். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் நின்ற இடத்திலேயே நான்கு ரன், பேட்ஸ்மேன் கிளவுஸைச் சரிசெய்துகொண்டு நிற்பார். இலங்கைத் தமிழர்கள் அழகாக ஓட்டங்கள் என்று எழுதுகிறார்கள், நாம் ரன்னை விடவில்லை.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு 348 ரன் தேவை, 347-ல் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஒரு பந்து பாக்கி. இரண்டு இன்னிங்ஸும் கூட்டினால் ஆஸ்திரேலியா 744, இந்தியா 744. டெஸ்ட் டை. முதல் இன்னிங்ஸில் 210 அடித்த டீன் ஜோன்ஸை அந்த வெயில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. ரன் என்ற சொல்லின் எடை தெரிய வேண்டும் என்றால் அந்த ஒரே ஒரு ரன்னைப் பற்றி அன்று ஸ்டேடியத்தில் இருந்த யாரையாவது கேளுங்கள், ராத்திரி வரை பேசுவார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கிரிக்கெட் ரன்கள் ஆபீஸுக்கும் வரும். பௌலர் ஓடிவரும் தூரம் ரன்-அப். தேர்தலுக்கு முந்தைய பரபரப்பு நாட்களுக்கும் ரன்-அப் என்றுதான் பெயர். ரன் ரேட் என்றால் ஓவருக்கு எத்தனை ரன். அம்பத்தூர் சார், இது உங்களுக்கு நிச்சயம் வரும்: அமெரிக்கக் கணக்கில் "ஆனுவல் ரன் ரேட்" என்றால் இந்த மாத விற்பனை இப்படியே போனால் வருஷத்துக்கு எவ்வளவு என்று பன்னிரண்டால் பெருக்கிச் சொல்வது. சீசன் வியாபாரத்தில் அது சுத்த ஏமாற்று, தீபாவளி மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் எல்லாக் கடையும் கோட்டைதான்.

அப்புறம், ஏரியா டோர்னமென்ட் பேனரில் வின்னர்ஸ், ரன்னர்ஸ் என்று போடுகிறார்களே, அது ரன்னர்-அப், பன்மையில் ரன்னர்ஸ்-அப். வெறும் ரன்னர் என்பவர் காயம்பட்ட பேட்ஸ்மேனுக்காக ஓடியவர், அவரையும் சர்வதேசப் போட்டிகளில் 2011-ல் ஐசிசி நிறுத்திவிட்டது.

பெரம்பூர்_லோகோ:

ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவன். எங்கள் இலாகாவில் வண்டியோடு போகிற லோகோ பைலட், கார்டு எல்லாரும் "ரன்னிங் ஸ்டாஃப்". அவர்கள் வேறு ஊரில் டியூட்டி முடித்துப் படுத்துத் தூங்கும் இடத்துக்குப் பெயர் "ரன்னிங் ரூம்". புதிதாகக் கல்யாணமான வீட்டில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் ரன்னிங் ரூமில் தூங்குகிறார் என்று பதில் வரும், சம்பந்திகள் முழிப்பார்கள். ஓடிய கிலோமீட்டருக்குத் தகுந்தபடி "ரன்னிங் அலவன்ஸ்" என்று தனிப் படியும் உண்டு, அதில் மட்டும் யாருக்கும் அர்த்தக் குழப்பம் வந்ததில்லை.

ரங்கநாதன்_தெரு:

லோகோ ஐயா சொன்னதும்தான் தோன்றியது, இங்கிலீஷ்காரர்கள் வைத்த ரன்னைவிட நாம் வைத்த "ரன்னிங்" அதிகம் போலிருக்கிறது. எங்கள் சேலைக் கடையில் தினமும் கேட்கும் கேள்வி: இதில் பிளவுஸ் ரன்னிங்கா, தனியா? சேலையோடு ஒட்டி நெய்து வந்தால் ரன்னிங் பிளவுஸ். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணி ரன்னிங் மெட்டீரியல். வீட்டில் தச்சர் வந்தால் பீடிங்குக்கு ரன்னிங் ஃபீட் கணக்கு. கட்டட மேஸ்திரி வேலை முடியும் முன்னாலேயே நீட்டுவது ரன்னிங் பில். புதுப்பேட்டையில் பழைய பைக் விற்றால் ரன்னிங் கண்டிஷன். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் ரன்னிங் ரேஸ், ரேஸ் என்றால் ஓடுவதுதான் என்று தெரிந்தும். பஸ்ஸில் அம்மாக்கள் கத்துவது: ரன்னிங்கில இறங்காதடா!

எல்லாவற்றிலும் ஒரே அர்த்தம்தான் ஓடுகிறது, அறுபடாமல் தொடர்வது. ஆனால் இவற்றை ஒஹாயோ மேடத்துக்கு எழுதினால் அவர் முழிப்பார். ரன்னிங் ஃபீட்டுக்கு அமெரிக்காவில் லீனியர் ஃபீட் என்று எழுதுங்கள். ரன்னிங் பிளவுஸுக்கு நான் என்ன சொல்ல, அவர்கள் கட்டுவதே இல்லை.

வார்டு_சிஸ்டர்:

நானும் ஒன்று சேர்க்கிறேன், சிரிக்கக் கூடாது. நாம் எல்லாரும் சொல்வது "ரன்னிங் நோஸ்", வெளிநாட்டில் "ரன்னி நோஸ்". ரன்னிங் நோஸ் என்றால் அவர்களுக்கும் புரிந்துவிடும், ஒரு நொடி மூக்குக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். "ரன்னிங் எ டெம்பரேச்சர்" என்றால் காய்ச்சல் அடிக்கிறது. டிரிப் ஏறிக்கொண்டிருந்தால் "த டிரிப் இஸ் ரன்னிங்".

முக்கியமானது இது. "த ரன்ஸ்" என்றால் வயிற்றுப்போக்கு. முன்னால் உள்ள "த"வைக் கவனிக்கவும். சேப்பாக்கம் அண்ணா யாராவது வெள்ளைக்காரரிடம் உற்சாகத்தில் எங்கள் ஓப்பனருக்கு நேற்று "ஹி ஹேட் த ரன்ஸ்" என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் ஓஆர்எஸ் கொடுங்கள் என்பார். "ஹி காட் ரன்ஸ்", "ஹி ஸ்கோர்டு ரன்ஸ்" என்றால் பிரச்சினை இல்லை.

சேப்பாக்கம்_வெயில்:

சிஸ்டர், இனிமேல் வாழ்க்கையில் அந்த "த" போட மாட்டேன்.

கிண்டி_பழைய_டிக்கெட்:

எல்லாரும் ஸ்கூல் போர்டு கணவரை மறந்துவிட்டீர்கள். அவர் தேர்தலில் நிற்கிறார், அவ்வளவுதான். அமெரிக்காவில் பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டுக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஆள் எடுப்பார்கள். நமக்கு ஆச்சரியமாக இருப்பது ஏன் என்றால் தமிழில் வேட்பாளர் நிற்கிறார். பிரிட்டிஷ்காரர்களும் "ஸ்டாண்ட்" என்கிறார்கள். அமெரிக்காவில் ஓடுகிறார். அதற்காக அமெரிக்க இங்கிலீஷ் தப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம், முன்பு ஒரு வாத்தியார் என்னிடம் அப்படிச் சண்டைக்கு வந்தார். தேர்தலைப் பந்தயமாகப் பார்ப்பது அவர்கள் பழக்கம். துணை ஜனாதிபதி வேட்பாளருக்கு "ரன்னிங் மேட்" என்று பெயர், அதுவும் குதிரைப் பந்தயத்தில் இருந்து வந்ததுதான். ஒரே லாயத்துக் குதிரைக்கு வேகம் காட்டுவதற்காகக் கூட ஓட விடும் குதிரை ரன்னிங் மேட்.

பந்தயத்தைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். "ஃப்ரன்ட் ரன்னர்" முன்னால் ஓடும் குதிரை, இப்போது பதவிக்கு முதலில் பேசப்படும் ஆள். "இன் த ரன்னிங்" என்றால் இன்னும் போட்டியில் இருக்கிறார், "அவுட் ஆஃப் த ரன்னிங்" என்றால் கழன்றுவிட்டார். ரேஸ் முடிவு போடும்போது முதல் மூன்று இடத்தைச் சொல்லிவிட்டு மிச்சக் குதிரைகளை "ஆல்ஸோ ரேன்" என்று ஒரே வரியில் தள்ளுவார்கள். இதுவும் ஓடியது, அவ்வளவுதான். மனிதரை "ஆன் ஆல்ஸோ-ரேன்" என்றால் ஆட்டத்தில் இருந்தும் கணக்கில் வராதவர். நான் பணம் கட்டிய குதிரைகள் எல்லாம் அந்த வரியில்தான் இருக்கும்.

கணக்குக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். "ரன் ஆன் த பேங்க்": பேங்க் விழப்போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுவது. 2023 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி பேங்கில் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்கப் பார்த்தார்கள், மறுநாள் பேங்க் மூடியது. அதில் ஒருத்தரும் தெருவில் ஓடவில்லை, போனில் தட்டியதே போதுமானதாக இருந்தது. பயம் ஏன் வருகிறது என்பது நம் ஊருக்குப் பழைய கதை. 1906 அக்டோபரில் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி என்ற பேங்க் கைவிரித்ததில் எத்தனையோ குடும்பத்தின் சேமிப்பு போனது, அந்தச் சூட்டில்தான் அடுத்த வருஷம் இந்தியன் பேங்க் தொடங்கினார்கள்.

தாம்பரம்_எக்ஸ்பிரஸ்:

எதற்கு இவ்வளவு நீளம்? மெயிலை அப்படியே மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் தமிழில் வந்துவிடப் போகிறது.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்:

வரும், பாதி நேரம் சரியாகவும் வரும். ஆனால் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது மேடம் "லெட் மீ ரன் திஸ் பை யூ" என்றால் ஒரு நிமிஷம் இருங்கள் என்று போனை எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பீர்களா? சொல்வதைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்ள வேண்டும், அது காதுக்குப் பழக வேண்டும்.

மயிலை_டீச்சர்:

கிண்டிக்காரர் சொன்ன பந்தயக் கதையோடு இன்னும் இரண்டு, இரண்டுமே வேறு ஊரில் இருந்து வந்தவை. "ரன் அமோக்" என்றால் வெறிபிடித்துக் கண்மண் தெரியாமல் பாய்வது. அந்த அமோக் மலாய் மொழிச் சொல், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு உடனே தெரியும். "ரன் த கான்ட்லெட்" ஸ்வீடிஷ் சொல்லில் இருந்து வந்தது. தண்டனை பெற்ற சிப்பாயை இரண்டு வரிசைக்கு நடுவில் ஓட விட்டு இரண்டு பக்கமும் அடிப்பார்கள். இப்போது நாலாபக்கமும் வரும் விமர்சனத்தைத் தாண்டிப் போவதற்குச் சொல்கிறார்கள். "ரன்-ஆஃப்-த-மில்" மில்லில் இருந்து தரம் பிரிக்காமல் வந்த சரக்கு, அதாவது சாதாரணமானது. உங்கள் பார்ட்ஸைப் பற்றி மேடம் அப்படி எழுதினால் சந்தோஷப்பட வேண்டாம் தம்பி.

அம்பத்தூர்_கணக்கு:

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து சீட்காரரும் படித்துவிட்டார், ஸ்கூல் போர்டு விஷயத்தில் நிம்மதியானார், ரன்னிங் ரூமை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓடு, ஓட்டு என்று பிரித்துப் பார்த்ததில் பழைய மெயில்கள் நிறையத் தெளிந்துவிட்டன.

நாளைக்கு அனுப்ப வேண்டிய பதிலை இப்படி எழுதியிருக்கிறேன், டீச்சர் ஒரு தடவை பாருங்கள்: "வீ ஹேவ் ரேன் த நம்பர்ஸ் அகெய்ன். ஐ வில் ரன் த ரிவைஸ்டு இன்வாய்ஸ் பை யூ டுமாரோ. அவர் பேக்கிங் ஷீட்ஸ் ஆர் ரன்னிங் லோ, பட் வீ வில் நாட் ரன் அவுட்." கணவருக்கும் ஒரு வார்த்தை சேர்க்கலாமா?

மயிலை_டீச்சர்:

முதல் வரியில் மட்டும் "ஹேவ்" வந்துவிட்டதால் "ரன்" போடுங்கள், "வீ ஹேவ் ரன்". தனியாக நேற்று நடந்தது என்றால்தான் "வீ ரேன்". ரன், ரேன், ரன் என்று மூன்றாவது வடிவம் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும், அதனால்தான் சறுக்கும். கடைசி வாக்கியத்தில் ஒன்றும் கெடவில்லை. ஆனால் தீராது என்று எழுத்தில் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் கோடவுனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு "பெஸ்ட் விஷஸ் ஃபார் ஹிஸ் ரன்" என்று பெயர்ச்சொல்லாகவே போடலாம், அவர்கள் காதுக்கு இயல்பாக இருக்கும்.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்:

போடுங்கள் ப்ரோ. ஒஹாயோவில் ஸ்கூல் போர்டுத் தேர்தல் ஒற்றைப்படை வருஷங்களில் நவம்பரில் வரும், முடிவு என்ன ஆச்சு என்று அப்போது மறக்காமல் ஒரு வரி கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆர்டருக்கு நல்லது.